இரண்டு தாய்மாரின் வேண்டுதல்

கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி மேலே ஏறினால் கியா பார்ம். சாலையோரச் சந்தையில் ஸ்ட்ராபெரியும் சோளமும் கீரைக்கட்டும் விற்கிறார்கள். சந்தைக்குப் பின்னால் சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். அதற்கு அப்பால் சுங்கை பாலாஸ் தேயிலை. இங்கே ஒரு கைக்குழந்தையின் தொடையிலோ முதுகிலோ கடினமாக ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டால், குடும்பம் இரண்டு வழிகளில் புறப்படும். ஒன்று, தானா ராத்தாவில் இருக்கும் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கு. அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய் இறங்கி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு. அங்கும் முடிவு தெரியாவிட்டால் கோலாலம்பூருக்கு. மற்றொன்று, பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி சந்நிதிக்கு. மஞ்சள் துணியில் காசு முடிந்து, ‘புள்ளைக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா தைப்பூசத்துக்குப் பத்துமலையில கரும்புத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு வரேன் முருகா’ என்று சொல்லிவிட்டு வருவார்கள். இரண்டு வழியிலும் போவது ஒரே தாய்தான், பெரும்பாலும் ஒரே வாரத்தில். அவளுக்கு இதில் எந்த முரணும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சிக்கல் பிறகு வருகிறது. திசுப் பரிசோதனை முடிவு ‘சாதாரணக் கட்டிதான்’ என்று வருகிறது, அல்லது மூன்று மாதத்தில் கட்டி தானாகவே சுருங்குகிறது. அப்போது அதைச் செய்தது யார் என்ற கேள்வி எழுகிறது.

முருகன்தான் என்று வீட்டில் சொல்வார்கள். எதுவும் நடக்கவில்லை, அது முதலிலிருந்தே அப்படித்தான் என்று டாக்டர் சொல்வார். இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மற்றவரைக் கேலி செய்யும் கட்டுரைகள் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டன. என் கட்சி வேறு. நன்றி சொல்வதில் ஒரு குறையும் இல்லை. தொட்டில் கட்டலாம், முடி இறக்கலாம், பால்குடம் எடுக்கலாம். ஆனால் வேண்டுதலைக் காரணமாகவும் கட்டி கரைந்ததை விளைவாகவும் வைத்துக் கணக்கு முடிப்பது நிற்காது. விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது என்பது இரண்டாவது காரணம்தான். அந்தக் கணக்கு நம் சமயத்துக்கே ஒவ்வாதது என்பதுதான் முதல் காரணம்.

முதலில் இந்தக் கட்டிகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும். எல்லாவற்றிலும் சாதாரணமானது ஹெமாஞ்சியோமா என்கிற இரத்தநாளக் கட்டி. நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வரும். பிறந்த சில வாரங்களில் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தொடங்கி, ஐந்து மாதத்துக்குள் கிடுகிடுவென்று புடைத்து, பிறகு நின்று, வெளுத்து, நான்கு வயதுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். தோலின் மேல் இருந்தால் பார்த்ததும் அடையாளம் தெரியும். தோலுக்கு அடியில் ஆழமாகவோ கல்லீரலிலோ இருந்தால்தான் பயமுறுத்தும். அரியவை வேறு இருக்கின்றன. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களிடம் வரும் லிப்போபிளாஸ்டோமா, முதிராத கொழுப்புத் திசுவின் கட்டி. அது வேகமாகப் பெருத்து, கொழுப்புத் திசுவில் வரும் புற்றோ என்று சந்தேகிக்க வைக்கும். மயோஃபைப்ரோமா என்பது சில குழந்தைகளுக்குத் தோலிலும் தசையிலும் எலும்பிலும் ஒரே சமயத்தில் பல இடங்களில் முளைக்கும். ஸ்கேனில் அது உடம்பெங்கும் பரவிய புற்றைப் போலவே தெரியும். ஆனால் நுரையீரல் முதலிய உள்ளுறுப்புகளைத் தொடாதவரை அவற்றில் பல தாமாகவே கரைந்துபோகும். மண்டையோட்டை அரித்துக்கொண்டு சில வாரங்களில் வளர்ந்துவிடும் ஒரு திசுக்கட்டியும் உண்டு. அது புற்று அல்ல என்று தனியாகப் பெயரிட்டு விவரித்ததே 1980-ல்தான். இவை ஏன் இப்படி ஏய்க்கின்றன என்பதற்கு எளிய பதில் ஒன்று இருக்கிறது. குழந்தையின் உடம்பே செல்கள் பிரிந்து பெருகும் களம். நெருக்கியடித்துக்கொண்டு பிரியும் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தால், ஐம்பது வயதுக்காரரின் உடம்பில் அது புற்று என்று தீர்ப்பாகக்கூடிய காட்சி. ஆறு மாதக் குழந்தையில் அதே காட்சி வெறும் வளர்ச்சியின் வேகமாக இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவம் கொடுத்த விலை சிறியதல்ல. நியூயார்க்கில் நோய்க்குறியியல் அறிஞராக இருந்த சோஃபி ஸ்பிட்ஸ் 1948-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மெலனோமா என்ற கொடிய தோல் புற்று என நுண்ணோக்கி சொன்ன 13 குழந்தைகளின் கதை அது. அந்தப் பதின்மூவரில் புற்று பரவி இறந்தது ஒரே ஒரு குழந்தை. கண்ணாடி வில்லை சொல்வதும் குழந்தை வாழ்வதும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று ஸ்பிட்ஸ் எழுதி வைத்தார். அவர் அதை மெலனோமாவிலேயே ஒரு சாதுவான வகை என்றுதான் நினைத்தார். புற்றே அல்ல என்று பிற்பாடு தெளிந்தது. இன்று அந்த மருவுக்கு அவர் பெயர்தான். சிறுநீரகத்தில் இதே கதை வேறு விதமாக நடந்தது. பிறந்த சில மாதங்களுக்குள் சிறுநீரகத்தில் வரும் கட்டியை எல்லோரும் வில்ம்ஸ் புற்று என்றே கொண்டு வைத்தியம் செய்தார்கள். 1967-ல் ராபர்ட் போலண்டேயும் உடன் பணியாற்றியவர்களும், இந்தச் சிசுக்களின் கட்டிகளில் பல வேறு வகையைச் சேர்ந்தவை, வெட்டி எடுத்தாலே போதும் என்று காட்டினார்கள். அதற்கு முன்னால் கதிர்வீச்சும் கடும் மருந்தும் கொடுக்கப்பட்ட சிசுக்களில் சிலர் கட்டியால் அல்ல, வைத்தியத்தால் வதைபட்டார்கள். டாக்டர் சொல்வது வேதவாக்கு என்று நான் வாதிடவில்லை என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

இப்போது வேண்டுதலுக்கு வருவோம். திசுத் துண்டு ஈப்போவுக்குப் போய்விட்டது, முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து நாளும் தாய் வேண்டுகிறாள்: அது புற்றாக இருக்கக் கூடாது. ஆனால் அது என்னவோ அது ஏற்கெனவே முடிந்துவிட்டது. புட்டியில் இருக்கும் செல்கள் அவள் விளக்கேற்றும்போது இனம் மாறப்போவதில்லை. அப்படியானால் அந்த வேண்டுதல் வீணா? வீண்தான் என்று சொன்ன சமய மரபு ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா நூல், ஊருக்குத் திரும்பும் வழியில் அழுகுரல் கேட்டு ‘என் வீடாக இருக்கக் கூடாது’ என்று வேண்டுவதை வீண் பிரார்த்தனை என்கிறது. அழுகுரல் எந்த வீட்டில் எழுந்ததோ அந்த வீட்டில் எழுந்தாயிற்று. 1964-ல் மைக்கேல் டம்மெட் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் இதை மறுத்தார். முக்காலமும் அறிந்தவன் கடவுள் என்றால், நான் இன்று வேண்டப்போவதை அவன் முன்பே அறிந்து, அதற்கேற்ப முன்பே செய்திருக்கலாமே. முடிவு எனக்குத் தெரியாதவரை அப்படி வேண்டுவது அபத்தமில்லை என்பது அவர் வாதம். ‘முக்காலமும் உணர்ந்தவன்’ என்று நம் கோயில்களில் தினமும் சொல்லுகிறவர்களுக்கு இந்த வாதம் புதிதாகவே தோன்றாது. எனக்கும் டம்மெட் சொல்வதில் தர்க்கப்பிழை தெரியவில்லை. தாய் வேண்டட்டும், அது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் இந்த வாதம் ஒன்றை மட்டுமே நிறுவுகிறது. அப்படி நடந்திருக்க முடியும் என்பதுதான் அது. நடந்தது என்பதற்கு அதில் சாட்சி எதுவும் இல்லை.

இன்னும் வலுவான கட்சி ஒன்று இருக்கிறது. சில கட்டிகள் விஷயத்தில் உண்மையாகவே ஏதோ நடக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைகின்றன. இதில் உச்சம் நியூரோபிளாஸ்டோமா. அது போலி அல்ல, நிஜப் புற்று. ஒன்றரை இரண்டு வயதுக்கு மேல் உடம்பெங்கும் பரவிய நிலையில் வந்தால் மிகக் கொடியது. ஆனால் டி’ஆஞ்சியோ, ஆட்ரி எவான்ஸ், எவரெட் கூப் ஆகிய மூவரும் 1971-ல் லான்செட் இதழில் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட சில குழந்தைகளிடம் இது கல்லீரல், தோல், எலும்பு மஜ்ஜை வரை பரவியிருக்கும், எலும்பைத் தொட்டிருக்காது, கொஞ்சமே வைத்தியம் செய்தாலும், செய்யாவிட்டாலும், பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். வீங்கிய வயிற்றோடு, தோலில் நீலநிறக் கட்டிகளோடு வந்த குழந்தை ஒரு வருடம் கழித்து ஓடி விளையாடுவதைப் பார்த்தால் யாருக்கும் கை கூப்பத் தோன்றும். மூவரில் கூப் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர், பிற்காலத்தில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர். அவரும் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரை இதை அற்புதம் என்று எழுதவில்லை. எந்த வயதில், எங்கெங்கே பரவினால் இப்படி நடக்கும் என்று வகை பிரித்து எழுதியது. பக்தி குறைந்ததால் அல்ல. வகை தெரிந்தால் அடுத்த குழந்தைக்குத் தேவையில்லாமல் நஞ்சு ஏற்றாமல் இருக்கலாம் என்பதால். அற்புதம் என்று எழுதியிருந்தால் அந்தக் குழந்தைக்கு எந்த உதவியும் கிடைத்திருக்காது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் சில சமயம் காக்கைதான் பழத்தைத் தள்ளிவிட்டிருக்கும். அதை எப்படிப் பிரித்தறிவது என்பதற்கு இந்தக் கட்டிகளிலேயே நல்ல உதாரணம் கிடைக்கிறது. பிரான்சில் போர்தோ நகரத்தில் கிறிஸ்தீன் லெயோத்தே-லப்ரேஸ் என்ற மருத்துவர், இதயக் கோளாறுக்காகப் புரொப்ரனலால் கொடுக்கப்பட்ட ஒரு குழந்தையின் இரத்தநாளக் கட்டி வெளுத்துச் சுருங்குவதைக் கவனித்தார். 2008-ல் அதை எழுதினார். அப்போது அது ஒரு தாயின் வேண்டுதல் கதைக்கும் மேலானதல்ல. மருந்து கொடுத்தோம், கட்டி சுருங்கியது; எப்படியும் சுருங்கக்கூடிய கட்டிதானே. ஆகவே 460 சிசுக்களை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்துபோல் தோன்றும் வெறும் திரவம். யாருக்கு எது என்று குடும்பத்துக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. 2015-ல் முடிவு வந்தது. ஆறு மாத வாக்கில், தேர்ந்தெடுத்த அளவில் மருந்து குடித்தவர்களில் 60 சதவீதத்தினருக்குக் கட்டி முழுவதுமாகவோ ஏறக்குறைய முழுவதுமாகவோ மறைந்தது. வெறும் திரவம் குடித்தவர்களில் 4 சதவீதத்தினருக்கு. இங்கே காக்கை தள்ளியதுதான். அந்த 4 சதவீதத்தையும் கவனிக்க வேண்டும். அவர்கள் வீட்டிலும் யாராவது எதையாவது வேண்டியிருப்பார்கள், அது பலித்துவிட்டது என்று நம்புவதற்கு முழு உரிமையோடு.

அப்படியானால் பிரார்த்தனையையும் இதேபோல் சோதித்துவிடலாமே என்று ஒரு புத்திசாலி கேட்பார். சோதித்துவிட்டார்கள். இதய அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,802 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. முகம் அறியாத பக்தர்கள் பெயர் சொல்லி வேண்டியதால் எந்த மாற்றமும் இல்லை. தமக்காக வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பிரிவினருக்குச் சிக்கல்கள் கொஞ்சம் கூடுதலாகவே வந்தன. நாத்திகர்கள் இதைத் தூக்கிப் பிடிப்பதை நான் அவ்வளவாக ரசிக்கவில்லை. காசு போட்டால் பொருள் தள்ளும் இயந்திரமாக ஒரு தெய்வத்தைக் கற்பித்துக்கொண்டு, அப்படி ஒரு தெய்வம் இல்லை என்று நிரூபித்திருக்கிறார்கள். அந்தத் தெய்வத்தைச் சைவ சித்தாந்தம் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் கட்டி கரைந்தது என் வேண்டுதலால்தான் என்று சாதிக்கிறவர் அந்த இயந்திரத் தெய்வத்தைத்தான் வணங்குகிறார். அவர் மட்டும் இந்த ஆய்வுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

நம் நூல்களே இதற்குக் கருவி தருகின்றன. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், இறைவனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அளவைகளைப் பேசுகிறது. எதை எப்படி அறிந்தோம் என்று சொல்ல முடியாதவன் பதியைப் பற்றிப் பேசத் தகுதியில்லாதவன் என்பதுபோல. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கலாம். ஏனென்றால் அடுக்களையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறோம். நெருப்பில்லாத நீர்நிலையில் புகை எழுந்து பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் சரிபார்த்த பிறகுதான் அனுமானம். வேண்டியும் கரையாத கட்டிகள் உண்டு, வேண்டாமலே கரைந்த கட்டிகளும் உண்டு என்றால், இங்கே அந்தத் தொடர்பு இரண்டு பக்கமும் அறுந்துபோகிறது. தூணா ஆளா என்று இருட்டில் நிற்கும்போது ஐயம் என்று ஒத்துக்கொள்வதைத் தர்க்க நூல்கள் குறையாகச் சொல்லவில்லை. தூணை ஆள் என்று துணிவதைத்தான் திரிபு என்கின்றன. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, கட்டி புற்றுபோல் வேடமிட்டதே அந்த மறைப்புதான் என்று இங்கே ஒரு அழகான விளக்கம் செய்துவிட முடியும். செய்ய மாட்டேன். கட்டி கரைந்தாலும் பொருந்தும், கரையாவிட்டாலும் பொருந்தும் விளக்கம் எதையும் விளக்கவில்லை.

இந்த அளவைக் கருவிக்கு இன்னொரு முனை உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். கட்டியைப் பார்த்ததும் வீட்டில் முதலில் நடப்பது வேண்டுதல்கூட இல்லை, விசாரணை. கிரகணத்தன்று வெளியே வந்தாயா? மாசமா இருக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தார்களே, அங்கே ஏன் போனாய்? யார் கண் பட்டது? போன பிறவியில் யாருக்கு என்ன செய்தோமோ? காய்கறித் தோட்டங்களில் அடிக்கும் பூச்சிமருந்தைப் பற்றிக் கேட்க வேண்டிய நியாயமான கேள்விகள் உண்டு, அவற்றை அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். மருமகளிடம் கேட்பது வேறு காரியம். லிப்போபிளாஸ்டோமாவில் குரோமோசோமின் ஒரு துண்டு இடம் மாறிப் பி.எல்.ஏ.ஜி.1 என்ற மரபணுவை முடுக்கிவிடுகிறது. அந்தக் கட்டியின் செல்களில் மட்டும் நடந்த இடமாற்றம் அது. தாயின் நடத்தைக்கோ விரதத்துக்கோ அதில் ஒரு வேலையும் இல்லை. வினைக் கொள்கையை மறுக்க நான் இதைச் சொல்லவில்லை. சித்தாந்தம் சொல்லும் வினை அந்தந்த உயிருக்குரியது, அதை ஊட்டுபவன் இறைவன். எந்த வினைக்கு எந்த நோய் என்று வாசித்துச் சொல்லும் அதிகாரத்தை அது மாமியாருக்கும் கொடுக்கவில்லை, சாமியாடிக்கும் கொடுக்கவில்லை. பாவத்தால் கட்டி வந்தது என்பதும் வேண்டுதலால் கட்டி போனது என்பதும் ஒரே அனுமானத்தின் இரண்டு பக்கங்கள். பின்னதை ஏற்றுக்கொண்டு முன்னதை மறுக்க வழியில்லை. முருகன் கொடுத்தது என்று பூரிக்கும் குடும்பம், அடுத்த முறை நோய் வரும்போது முருகன் எதற்குத் தண்டித்தான் என்று தேடத்தான் செய்யும்.

கோலாலம்பூர் துங்கு அசிசா போன்ற ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் அடுத்தடுத்த கட்டில்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குழந்தைகள், ஒரே வயது, ஒரே இடத்தில் கட்டி. இரண்டு தாய்மாரும் ஒரே தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டவர்கள். ஒரு குழந்தைக்கு மயோஃபைப்ரோமா என்று முடிவு வருகிறது, வீட்டுக்குப் போகலாம். இன்னொன்றுக்குச் சார்கோமா என்ற புற்று. முதல் தாய் ‘முருகன் காப்பாத்திட்டான்’ என்று சொல்லும்போது இரண்டாவது தாயின் காதில் விழுவது என்ன? அவளுடைய விரதத்தில் குறை, அவள் கேட்டது போதாது, அல்லது அவள் பிள்ளை காப்பாற்றத் தகுதியில்லாதது. முதல் தாய் இதில் எதையும் நினைத்திருக்க மாட்டாள். நல்லவளாகவே இருக்கட்டும். ஆனால் அவள் சொன்ன வாக்கியத்தின் உள்ளே இது இருக்கிறது. வேண்டுதல் ஒரு கட்டிலில் காரணமாக வேலை செய்தது என்றால், அடுத்த கட்டிலில் வேலை செய்யாததற்கும் காரணம் சொல்லியாக வேண்டும். ‘அவன் சித்தம்’ என்று இரண்டாவது கட்டிலுக்கு மட்டும் சொல்வது நேர்மையில்லை. அவன் சித்தம் என்றால் முதல் கட்டிலுக்கும் அதுவேதான். அங்கேயும் வேண்டுதலுக்குப் பெருமை சேராது.

இதற்கு வரும் மறுப்புகளில் ஒன்று எளிதில் தள்ள முடியாதது. பத்து நாள் தூங்காத ஒரு தாய்க்கு அந்த நம்பிக்கைதான் ஊன்றுகோல், அதைத் தட்டிவிட்டு உங்கள் தர்க்கத்தால் என்ன கிடைத்தது என்று கேட்பார்கள். நான் தட்டிவிடச் சொல்வது ஊன்றுகோலை அல்ல. பிறகு அதைக் காட்டிச் செய்யும் விளம்பரத்தை. ‘ஆஸ்பத்திரிக்கே போகல, சாமிகிட்ட விட்டோம், கரைஞ்சிருச்சு’ என்ற ஒரு கதை தோட்டத்தில் பத்து லயத்துக்குப் பரவும். அடுத்த வீட்டுக் குழந்தையின் கட்டி கரையும் இனமாக இல்லாமல் போகலாம். குழந்தைப் புற்றுகளைக் காலத்தோடு கண்டு முழு வைத்தியம் செய்யும் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் முப்பதுகூடத் தேறுவதில்லை. 2018-ல் உலகச் சுகாதார நிறுவனம், 2030-க்குள் உலகம் முழுவதும் அறுபது சதவீதமாவது பிழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. காலம் தாழ்ந்து வருவது இந்த இடைவெளிக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. இதை மட்டும் சொன்னால் நான் ஒரு பக்கம் பேசியவன் ஆவேன். அவசரமும் கொன்றிருக்கிறது. ஜப்பான் 1980-களின் நடுவில் நாடு முழுக்க ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நியூரோபிளாஸ்டோமாவைத் தேடியது. ஏராளமாகக் கிடைத்தது. கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் நடந்த பெரிய ஆய்வுகள் 2002-ல் உண்மையைச் சொல்லின: கண்டுபிடித்தவற்றில் மிகப் பல தானாகக் கரைந்திருக்க வேண்டியவை, கொடிய வகையால் வரும் சாவு எண்ணிக்கை குறையவே இல்லை. 2004-ல் ஜப்பான் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. தேவையில்லாத அறுவைச் சிகிச்சையாலும் மருந்தாலும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் அதற்குள் இருந்தார்கள். தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்ற அந்த அவசரமும், சாமி முடித்துவிட்டார் என்ற அவசரமும் எனக்கு வேறு வேறாகத் தோன்றவில்லை. இரண்டுக்குமே ஐயத்தில் நிற்கப் பொறுமையில்லை. நல்ல குழந்தை மருத்துவர் ‘பார்த்துக்கொண்டிருப்போம்’ என்று சொல்லும்போது சும்மா இருக்கச் சொல்வதில்லை. இன்றைக்கு மூன்று சென்டிமீட்டர், ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன், நடுவில் காய்ச்சலோ எடை குறைவோ வந்தால் உடனே வா என்று கணக்கோடு சொல்கிறார்.

பெரியபுராணம் முழுக்க நோய் தீர்த்த கதைகள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளின் முயலகன் நோயைச் சம்பந்தர் பாடித் தீர்த்தார், பாண்டியனின் வெப்பு நோய் திருநீற்றால் தணிந்தது. ஆம். ஆனால் அப்பர் கதையையும் சேர்த்து வாசிக்க வேண்டும். தம்பி சமணத்திலிருந்து திரும்ப வேண்டும் என்று வேண்டியவர் அப்பரின் அக்காள் திலகவதியார். அந்த வேண்டுதலுக்குக் கிடைத்த பதில் தம்பிக்கு வந்த சூலை நோய். வேண்டியதால் நோய் போனது என்ற வாய்பாட்டைச் சேக்கிழாரே இப்படித் தலைகீழாக்கி வைத்திருக்கிறார். சுந்தரர் பார்வையையே இழந்து, காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மறு கண்ணையும் பெற்றார். தம்பிரான் தோழருக்கே நேரான கணக்கு இல்லை. அற்புதங்களைத் தள்ளாத சமயம்கூட அவற்றை எளிதில் அங்கீகரிப்பதில்லை என்பதற்குக் கத்தோலிக்கத் திருச்சபையைப் பார்க்கலாம். பின்னாளில் போப் ஆன லம்பர்த்தினி 1730-களில் வகுத்த விதிகளில், தானாகத் தீரக்கூடிய நிலையில் இருந்த நோய் தீர்ந்ததை அற்புதமாகக் கொள்ளக் கூடாது என்பதும் ஒன்று. சிசிலித் தீவின் ஒரு சிறுமி முழங்கால் எலும்பில் கட்டியோடு 1976-ல் லூர்துக்குப் போய் வந்து குணமானபோது, அது ஈவிங் சார்கோமாவா, தானாகக் கரையும் பழக்கமுள்ள நியூரோபிளாஸ்டோமாவின் பரவலா என்று திசு வில்லைகளை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாதித்தார்கள். 1989-ல்தான் திருச்சபை அதை ஏற்றது. அந்த முடிவு சரியா என்பது இருக்கட்டும். அற்புதம் என்று சொல்வதற்கு முன்னால் போலியை விலக்க வேண்டும் என்று பாதிரிமாருக்குத் தோன்றியிருக்கிறது. நம் வாட்ஸ்ஆப் குழுக்களுக்கு அது தோன்றுவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகு வேண்டுதலில் மிச்சம் என்ன? கேட்பது மிச்சம். எதையும் கேட்கலாம், அது புற்றாக இருக்கக் கூடாது என்றும் கேட்கலாம். பெற்றவள் தெய்வத்திடம் கேட்பதற்கு அளவை நூல் தடைபோட முடியாது. ‘இது நடந்தால் அது செய்கிறேன்’ என்ற நிபந்தனைதான் இடிக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, என்ன முடிவு வந்தாலும் தொட்டில் எடுக்கிறேன் என்று நேர்ந்துகொள்வதுதான் தூய வேண்டுதல் என்று ஒரு சாரார் உபதேசிப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. முடிவு மோசமாகி, பிள்ளையும் இல்லாமல் போனால், பத்துமலையின் 272 படிகளிலும் எதைத் தொட்டிலில் வைத்துத் தூக்குவாள்? அப்படி ஒரு நேர்ச்சையை யாரிடமும் கேட்க நமக்கு உரிமையில்லை. பாரத்தை ஏற்க வேண்டியவள் முதல் கட்டில்காரி, அவளால் முடியும். தொட்டில் எடுக்கட்டும், எதற்கு என்று கேட்டால் ‘புள்ளை இருக்கா, அதுக்கு’ என்று சொல்லட்டும். அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள். தன் பிள்ளையின் பெயரோடு அடுத்த கட்டில் பிள்ளையின் பெயரையும் கொடுக்கலாம்; நட்சத்திரம் தெரியாவிட்டால் சுவாமி பெயருக்கே செய்துவிடுவார்கள், எந்தக் குருக்களும் மறுத்ததில்லை. அந்தச் சீட்டில் இரண்டு பிள்ளைகளும் இருக்கும்போது, ஒரு தாய் வேண்டிப் பெற்றாள், மற்றவள் வேண்டத் தெரியாமல் இழந்தாள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.